வெயில்தாள்

ஊசிமேட்டு அங்கன்வாடியின் கிழக்குச் சன்னலில் பிள்ளைகள் செய்து தொங்கவிட்ட பதினோரு வெயில்தாள்களில் ஒன்றின் நிறமும் தரையில் விழவில்லை என்பதைக் குருபாக்கியம் டீச்சர் முதல் நாளே பார்த்துவிட்டாள், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் எது சரியாக வேலை செய்தது, குழாயில் தண்ணீர் வராது, எடை பார்க்கும் மெசின் எந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்தாலும் ஒன்பது கிலோவே காட்டும், அப்படியிருக்க வெயிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்றால் யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது.

அவற்றைச் செய்தது ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை. வருசக்கணக்காக டப்பாவில் சேர்ந்து கிடந்த கிரையான் துண்டுகளைக் கொட்டி, பிள்ளைகளை விட்டே ஷார்ப்னரில் சீவ வைத்து, பேக்கரியில் கேட்டு வாங்கிய பட்டர் பேப்பரின் மேல் அந்தச் சீவலைத் தூவச் சொன்னாள். பேப்பரை மடித்து, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த இஸ்திரிப் பெட்டியை அவளே ஒரு தடவை நிதானமாக ஓட்டி எடுத்தாள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். சூடு என்றால் என்ன என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளை உயர்த்திச் சன்னலுக்கு நேரே பிடித்தபோது மெழுகு உருகி நிறங்கள் ஒன்றின் மடியில் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒவ்வொரு பிள்ளையும் கேட்ட உருவத்தில் வெட்டினாள், ஒவ்வொன்றையும் வெட்டும்போது, "இது யாருக்கு?" என்று கேட்டு, சொன்ன பெயரை மூலையில் பேனாவால் எழுதினாள். ஒன்பது பேர் அம்மாவுக்கு என்றார்கள். ஒருத்தி அப்பாவுக்கு என்றாள். ஒருவன் தங்கள் வீட்டுச் செவலை ஆட்டுக்கு என்றான், அதையும் எழுதினாள். பெரிய பிள்ளைகள் மற்ற நிறங்களை அள்ளிக்கொண்டதால் யாழினிக்கு ஊதா மட்டும்தான் கிடைத்தது, அவள் அழாமல் அதிலேயே ஓர் ஆனை கேட்டாள். மூன்று வயதுக் கவிநேசன் பச்சையில் ஒரு மாங்காய் கேட்டான்.

மறுநாள் சாயந்திரம் கவிநேசனை அழைத்துப்போக வந்த அவன் அம்மா ஜெயக்கொடி, பயராபீஸ் வேலையின் அலுமினியப் பொடி இன்னும் புருவத்தில் மினுங்க, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"டீச்சர், இவன் பச்சையில மாங்கா ஏதும் செஞ்சானா?"

"ஆமாத்தா. சன்னல்ல தொங்குது பாரு."

"அது எங்கிட்ட வந்துச்சு. காலையில எட்டு மணியிலருந்து மடியிலயே கெடந்துச்சு. பத்தரைக்கு மேல கொஞ்சங் கொஞ்சமா மங்கிப் போயிருச்சு."

அந்த ஊரில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போனார்கள், அதை அவர்கள் பயராபீஸ் என்றார்கள், அது ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பொட்டல் காட்டில் இருந்தது. ஜெயக்கொடி சொன்னதை அடுத்த நாள் மற்ற அம்மாக்களும் சொன்னார்கள். ஒருத்திக்கு முழங்காலில் சிவப்புப் பூ, ஒருத்திக்குத் தோளில் மஞ்சள் குடை, யாழினியின் அம்மா பூமாரிக்கு நெஞ்சில் ஊதா ஆனை. வெயில் எட்டாத மூலையில் உட்கார்ந்தாலும் வந்தது, கையால் மூடினால் கையின் மேல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றவளைத் தேடி அடுப்படிக்கும் வந்தது. செவலை ஆட்டின் விலாவில் ஓர் ஆரஞ்சு உருண்டை ஒட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கெல்லாம் கூடவே போனது, அதைப் பேசி முடித்திருந்த கறிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு இது எனக்கு வேண்டாம் என்று போய்விட்டார். மூன்று வருசத்துக்கு முன் திருப்பூருக்குப் போனவன் போனவனாகவே இருந்த ஓர் அப்பா திடீரென்று ஒருநாள் அங்கன்வாடி வாசலில் வந்து நின்று, தையல் மெசினில் உட்கார்ந்தால் சட்டைப் பையின் மேல் மீன் மாதிரி ஒரு நீல வெளிச்சம் வந்து உட்காருகிறது, கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், அதைக் கழற்றிவிடுங்கள் டீச்சர் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். டீச்சர் கழற்றவில்லை. அவன் உள்ளே எட்டிப் பார்த்து, எது தன் பிள்ளை என்று தெரியாமல் நின்று, டீச்சர் காட்டியதும் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மேகம் போட்ட நாளில் பெண்கள் சிடுசிடுவென்று இருந்தார்கள். இருமல் வந்த பிள்ளையின் வெளிச்சம் லேசாக நடுங்கியது என்றாள் ஒருத்தி, அது உண்மையோ பொய்யோ, அவள் அன்றைக்கு அரை நாளில் திரும்பி வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. பயராபீஸ் முதலாளி ஓர் ஆளை அனுப்பி வெளிச்சத்துக்குச் சூடு இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார், வெடிமருந்துப் பக்கத்தில் சூடு ஆகாது. அந்த ஆள் வெப்பமானியை வைத்துப் பார்த்து, சூடு இல்லை, சும்மா நிறம்தான் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

அப்புறம்தான் பெண்களுக்கு அந்த ஆசை வந்தது. வெயில்தாள் வாங்கிய அம்மாக்களில் ஆறு பேர் பயராபீஸில் வெவ்வேறு ரூம்களில் வேலை பார்த்தார்கள். நிறங்களெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. போர்மேன் சுடலைமணியிடம் போய்க் கேட்டார்கள்.

"ஒரு ரூம்ல நாலு பேருதாம்மா இருக்கணும்," என்றார் அவர்.

"நாங்க ஆறு பேரும் ஒல்லி அண்ணாச்சி," என்றாள் ஜெயக்கொடி. "சேத்து வச்சாலும் நாலு பேரு எடந்தான் ஆகும்."

தீபாவளிச் சரக்கு நெருக்கிக்கொண்டிருந்தது. சந்தோசமாக இருக்கிற பெண்கள் கூடுதலாகத் திரி வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாலாம் நம்பர் ரூமைக் கொடுத்தார். ஆடி முழுக்க, காலை எட்டிலிருந்து பத்தரை வரை அந்த ரூமில் பூவும் குடையும் ஆனையும் மாங்காயும் சுவரிலும் மடியிலும் கிடந்தன என்றும், அடுத்த ரூம் பெண்கள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்றும் சொல்லக் கேட்டு, குருபாக்கியம் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தாள்.

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை, மணி பத்தேகால். பிள்ளைகள் சத்துமாவு உருண்டையைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது வெறும் சிமென்ட் தரையில் நிறம் விழுந்தது. இரண்டு மாதமாகத் தொங்கிய தாள்களிலிருந்து, அன்றுதான் கட்டியது போல, சிவப்புப் பூவும் மஞ்சள் குடையும் ரோஸ் வீடும் நீலக் கிளியும் பச்சை மாங்காயும் தரையில் வந்து விழுந்தன.

"டீச்சர், கலரு வந்துருச்சு," என்றது ஒரு பிள்ளை. எல்லாப் பிள்ளைகளும் உருண்டையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்து அதன் மேல் குதித்தார்கள், காலில் பூ ஏறியது, முகத்தில் குடை ஏறியது, கவிநேசன் தன் மாங்காயின் மேல் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, இது எனது, யாரும் மிதிக்கக் கூடாது என்றான். குருபாக்கியமும் சிரித்தாள். தான் சிரித்ததைத்தான் பின்னால் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணுகிற நேரம் அவர்கள் அப்படி ஆடினார்கள். அதற்குப் பிறகு சத்தம் வந்தது.

சன்னல் கதவு அடித்துக்கொண்டது, தாள்கள் நூலில் சுழன்றன, பிள்ளைகளின் மேல் நிறங்கள் அங்கும் இங்கும் ஓடின. கிழக்கே பொட்டலின் மேல் வெள்ளைப் புகை எழுந்தது. குருபாக்கியத்துக்கு அப்போதுதான் விளங்கியது. போக இடம் இல்லாததால் திரும்பி வந்திருக்கிறது. அவள் தரையைப் பார்த்தாள். ஐந்து. மறுபடியும் பார்த்தாள். பூ, குடை, வீடு, கிளி, மாங்காய். நாலாம் நம்பர் ரூமின் ஆறு பேரில் ஐந்து பேர். ஊதா ஆனை மட்டும் இல்லை. சன்னலில் அது தொங்கிக்கொண்டிருந்தது, வெயில் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது, தரையில் அதன் நிறம் இல்லை. அப்படியென்றால் பூமாரி இருக்கிறாள் என்று அவள் நினைத்தாள், நினைத்தபடியே கவிநேசனை அந்தப் பச்சையின் மேலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் செய்தி வந்தது. ஐந்து பேர் செத்துவிட்டார்கள், ஒருத்தி மட்டும் உயிரோடு தூரத்து ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் பெயர் ஜெயக்கொடி என்றார்கள்.

முகம் இல்லை, உடம்பு முழுக்கக் கட்டு. ஆனால் பயராபீஸ் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம், பிழைத்தவளின் கழுத்தோடு ஒட்டியிருந்த துணியில் கட்டம் போட்ட காலர் இருந்தது, அதைப் பார்த்து ஜெயக்கொடியின் புருசன் ராசகுமார், "எஞ்சட்டைதான், எம்பொண்டாட்டிதான்" என்று சொல்லிவிட்டான். சட்டை அவனுடையதுதான். அன்று காலை தன் சட்டை காயாததால் பூமாரி ஜெயக்கொடியிடம் அவளுடைய இன்னொரு சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல, வாய் பேச முடியாமல் கிடந்த அந்த ஒருத்தியைத் தவிர, அந்த ரூமில் யாரும் மிஞ்சவில்லை. மிச்சமிருந்த ஐந்து மூட்டைகளில் ஒன்றைப் பூமாரியின் புருசன் வீரபுத்திரன் வாங்கினான், எரித்தான், மொட்டை போட்டான், சாம்பலைக் கரைத்தான்.

அங்கன்வாடியை நான்கு நாள் கழித்துத் திறந்தார்கள். ஐந்து நிறங்கள் தரையில் கிடந்தன. மூட்டை வாங்கிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தங்கள் நிறத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த ராசகுமார் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அவர்களுக்கு வர வேண்டிய தேவை இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. வீரபுத்திரன் வந்தான். மொட்டைத் தலையோடு தரையைத் தேடினான். "எம்புள்ள ஆனை எங்க டீச்சர்?" என்று கேட்டான். குருபாக்கியம் வாயைத் திறந்தாள், "வெயில் அந்தப் பக்கம் சரியா விழலப்பா" என்றாள். அவன் மாங்காயைப் பார்த்தானா, பார்த்து என்ன நினைத்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

இறந்தவர்களில் ஒருத்தியின் தாயார் ஒருநாள் வாசலில் நின்றே சொன்னாள். "நீ இந்தக் காகிதத்தத் தொங்கவிடாம இருந்திருந்தா எம்மக ஒம்போதாம் நம்பர்ல இருந்திருப்பா." விசாரணைக்கு வந்தவர்களும் ஆறு பேர் ஏன் ஒரு ரூமில் இருந்தார்கள் என்றுதான் கேட்டார்கள், ஊரில் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை, சொன்னால் எழுதிக்கொள்ள அவர்களின் தாளில் இடம் இருந்திருக்காது. ஆவணி கடைசியில் பயராபீஸ் மறுபடி திறந்தது. வேறு வேலை இல்லாததால் பெண்கள் போனார்கள். வேறு பிள்ளைகளும் வெயில்தாள் வேண்டும் என்று கேட்க, டீச்சர் மறுத்தபோது, அம்மாக்களே வந்து செய்து கொடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போன பெண்களின் மாமியார்களும் புருசன்மார்களும் ஒவ்வொருவராக வந்து சன்னலடியில் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்மது விழலையே?"

"விழல. நம்ம தாளுக்கடியில வெறுந்தரைதான்."

வெறுந்தரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனார்கள்.

பூமாரிக்குப் பதினாறாம் நாள் விசேசம் முடிந்து இலை எடுத்த அன்று, யாழினி டீச்சரின் சேலையைப் பிடித்து, "எங்கம்மா ஆனைய வச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். குருபாக்கியம் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வீட்டில் செத்தவளை எழுப்பி இன்னொரு வீட்டில் இருக்கிறவளைச் சாகடிக்கிற வார்த்தைகள் எப்படி அடுக்கினாலும் ஒன்றாகத்தான் இருந்தன.

தீக்காயம் பட்டவர்களின் அறைக்குச் சன்னல் கிடையாது. ராசகுமார் முகத்தில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, டம்ளரிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனாகக் கட்டுக்கு நடுவே தெரிந்த உதட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். டீச்சரைப் பார்த்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தான். வெள்ளைக் கட்டின் மேல், நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஊதா ஆனை படுத்திருந்தது.

அவன் டீச்சரை வராந்தாவுக்குக் கூட்டி வந்தான்.

"எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும் டீச்சர்," என்றான்.

"எப்பத் தெரிஞ்சது?"

"ரெண்டாம் நா காலையிலயே. எட்டு மணிக்கு அது வந்து விழுந்துச்சு. எம்மவனது பச்சைன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏம்ப்பா சொல்லல?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "நாளைக்குச் சொல்லிருவோம்னு நெனைச்சேன். மறுநா அதையே நெனைச்சேன். இங்கன உக்காந்து தண்ணி குடுத்துக்கிட்டு இருக்குறவரைக்கும் ஜெயா உசுரோட இருந்தா டீச்சர். எந்திரிச்சு வீட்டுக்குப் போனாத்தான் செத்துப் போவா."

குருபாக்கியம் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெயான்னு கூப்புடுவேன். கூப்புட்டா இவுக கண்ணைத் தொறப்பாக. மொதல்ல நெனவு இல்லாமத் தொறக்குறாகன்னு நெனைச்சேன். அப்புறந்தான் புரிஞ்சது. இவுகளுக்கு நல்லா நெனவு இருக்கு. எனக்காகத் தொறக்குறாக."

"அவுக ஆறு பேரும் ஒண்ணாச் சேர்ந்தது நான் செஞ்ச காகிதத்தால," என்றாள் குருபாக்கியம். "ரூமு மாத்திக்கிட்டது அதனாலதான். நீ என்னையத் திட்டணும்னா திட்டிரு."

"ஆடி மாசம் பூரா அவ சிரிச்ச மாதிரி அதுக்கு முன்னால சிரிச்சதில்ல," என்றான் அவன். "அதை வச்சு உங்களைத் திட்டவும் முடியல. திட்டாம இருக்கவும் முடியல. நீங்க வீரபுத்திரனுக்குப் போனப் போடுங்க."

வீரபுத்திரன் மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். அவன் ஓடி வரவில்லை, அழவில்லை, அறை வாசலில் நின்று, உள்ளே போக யாரிடம் உத்தரவு கேட்பது என்று தெரியாதவனைப் போல ராசகுமாரைப் பார்த்தான். ராசகுமார் தன் முகத்துணியை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டான். ஸ்பூனைக் கையில் கொடுத்தான்.

"ரெண்டு ஸ்பூனு குடுத்துட்டுக் கொஞ்சம் நிறுத்தணும். பாலு வேண்டாம், குமட்டும். எடது பக்கம் திருப்பக் கூடாது. கட்டு மாத்துற நேரம் வெளிய போயிராத, கூடவே நில்லு, கண்ணு ஒன்னையத்தான் தேடும்."

வீரபுத்திரன் குனிந்து, "பூமாரி" என்று கூப்பிட்டான். கட்டுக்குள்ளிருந்து கண் திறந்தது. அது அவனைப் பார்த்தது, பிறகு மெதுவாகத் திரும்பி, வாசலில் நின்ற ராசகுமாரைப் பார்த்தது, அப்படியே நீர் கட்டி நின்றது.

பூமாரி பிழைத்தாள். தை மாதம் வீட்டுக்கு வந்தாள், வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. தன் பதினாறாம் நாள் சோற்றைத் தின்றவர்கள் எதிரே வந்தால் அவர்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்து அவள் தெருவில் நடப்பதை விட்டுவிட்டாள். யாழினி ஆறு மாதம் அவளிடம் போகவில்லை. தூரத்தில் நின்று, ஆனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், ராசகுமார் தன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"எங்க கரைச்ச?"

வீரபுத்திரன் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றான். "வேம்பார்ல அண்ணே. கடல்ல."

"கரையில நின்னா, எறங்கியா?"

"இடுப்புத் தண்ணிவரைக்கும் எறங்கினேன்."

"அழுதியா?"

"அழுதேன்."

"பேரச் சொல்லியா அழுத?"

வீரபுத்திரன் கையிலிருந்த ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூமாரின்னு சொன்னேன் அண்ணே," என்றான். "மூணு தடவ."

ராசகுமார் தலையை ஆட்டினான். அதில் கோபம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மகனைக் கூட்டிக்கொண்டு வேம்பாருக்குப் புறப்பட்டான். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று குருபாக்கியத்தையும் வரச் சொன்னான், அவன் அதற்காக மட்டும் கூப்பிடவில்லை என்று தெரிந்தே அவளும் போனாள். கடல் அன்று சேற்று நிறத்தில் இருந்தது. தூரத்தில் இரண்டு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். கவிநேசன் டீச்சரின் இடுப்பில் இருந்து இறங்க மாட்டேன் என்றான். ராசகுமார் சட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு இறங்கினான், முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே நின்று, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல், முதலில் வடக்கே பார்த்தான், பிறகு நேரே பார்த்தான்.

"போன மாசம் இங்க ஒருத்தர் வந்து ஒரு பேரு சொல்லிட்டுப் போனாரு," என்றான், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். "அவரு மேல தப்பில்ல. அவருக்குத் தெரியாது. ஆனா அந்தப் பேரு தப்பு. இவ ஜெயக்கொடி. ஊசிமேட்டு ராசகுமாரு பொண்டாட்டி. கவிநேசனோட அம்மா. இருபத்தாறு வயசு."

அலை வந்து போயிற்று. அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

"எங்கப்பா யாருகிட்ட பேசுறாரு?" என்று கேட்டான் கவிநேசன்.

"உங்கம்மாவ வச்சிருக்கவுககிட்ட," என்றாள் குருபாக்கியம்.

பிள்ளை யோசித்தான். "குடுக்கச் சொல்றாரா?"

"இல்லப்பா," என்றாள் அவள். "பேரு சொல்லிக் கூப்பிடச் சொல்றாரு."